எழுந்து போன வக்கீல்

வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குக் கொடுத்ததிலேயே அவர்களுக்கு அதிக நஷ்டம் வைத்தது எது என்று பட்டிமன்றம் வைத்தால், ரயில் என்று ஓர் அணியும் ஆங்கிலம் என்று ஓர் அணியும் மைக்கைப் பிடித்து மல்லுக்கட்டும். நடுவர் தீர்ப்பு என்னவோ ஒன்றுதான்: வக்கீல் படிப்பு. ஃபீஸ் வாங்கிக்கொண்டு லண்டனில் சட்டம் சொல்லிக் கொடுத்தார்கள். பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, சட்டக் கழகம் போடும் விருந்துகளையும் இத்தனை என்று கணக்கு வைத்துச் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். ஆக, படிப்பும் கொடுத்து, சோறும் போட்டு, கறுப்பு அங்கியும் மாட்டிக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கரையிறங்கிய ஆள் எதிர்க்கட்சிக்காரராகச் சேர்த்தது யாரை? சோறு போட்ட சாம்ராஜ்யத்தை. காந்தி, ஜின்னா, படேல், நேரு நால்வரும் இந்தப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

அதே பந்தியில் சாப்பிட்ட இன்னொருவர் சிங்கப்பூருக்கு வந்து தொழில் நடத்தினார். பெயர் கே.பி.கேசவ மேனன். மார்சிலிங் கோப்பிக் கடையில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், "எந்த புளோக்?" என்று கேட்பார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. நாற்காலியைப் பிடித்தவர்களைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கும். இவர் அரசியலில் பேர் வாங்கியது நாற்காலியை விட்டுவிட்டு எழுந்து போவதில். உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தார், ஒத்துவரவில்லை, எழுந்தார், போய்விட்டார். திரும்பத் திரும்ப இதே கதை. நாடு மட்டும் மாறும்.

பயிற்சி ஆட்டம்

1886-ல் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தரூரில் பிறந்தார். பாலக்காட்டு ராஜாவின் பேரன் வழி. சென்னையில் படிப்பு, லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் பட்டம், 1915 வாக்கில் கோழிக்கோட்டில் வக்கீல் தொழில். ராஜ வம்சம், பாரிஸ்டர் பட்டம், கட்சிக்காரர் கூட்டம் என்று மூன்றும் அமைந்த மனிதர் ஒழுங்காக இருந்திருந்தால் ஒரு சர் பட்டத்தோடு ஓய்வு பெற்றிருக்கலாம். இந்தக் கட்டுரைக்கும் தேவை இருந்திருக்காது.

முதல் உலகப் போர் நேரம். பிரிட்டனுக்குப் பணம் திரட்ட கோழிக்கோடு டவுன் ஹாலில் ஒரு கூட்டம். தீர்மானத்தை எதிர்த்துப் பேச எழுந்த மேனன் மலையாளத்தில் ஆரம்பித்தார். மேடையிலிருந்து உத்தரவு வந்தது: ஆங்கிலத்தில் பேசு. லண்டனில் படித்தவர், ஆங்கிலத்தில் அவர்களையே மிரட்டியிருக்கலாம். அவரோ வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே ஒரு கூட்டமும் நடந்தது. மலபார் அரசியலில் வெளிநடப்பு என்னும் திருப்பணி அன்றைக்குத் தொடங்கிற்று. நம் சட்டமன்றங்களில் இன்று மதியச் சாப்பாட்டுக்கு நேரமானால் நடக்கிற வெளிநடப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஹோம் ரூல் இயக்கம். அதன் பிறகு ஒத்துழையாமை. வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியே வரவேண்டும் என்று காந்தி சொன்னார். பல ஊர்களில் வக்கீல்கள் அதைக் கேட்டுக் கண்கலங்கினார்கள், கைதட்டினார்கள், மறுநாள் காலை பத்து மணிக்குக் கோர்ட்டுக்குப் போனார்கள். மேனன் உண்மையாகவே தொழிலை விட்டார். 1923 மார்ச் 18-ல் கோழிக்கோட்டில் 'மாத்ருபூமி' பத்திரிகை தொடங்கியபோது முதல் ஆசிரியராக உட்கார்ந்தார். வக்கீல் தொழிலில் வருமானம் உண்டு, பத்திரிகைத் தொழிலில் வழக்கு உண்டு. ஆக மனிதர் கோர்ட்டை முழுசாக விட்டார் என்றும் சொல்ல முடியாது.

வைக்கம்: நமக்குத் தெரிந்த பாதிக் கதை

அடுத்த வருஷமே வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. அதே தெருவில் கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம், நாயும் நடக்கலாம். 1924 மார்ச் 30-ல் சத்தியாகிரகம் தொடங்கியது. ஏப்ரல் 7-ல் மேனனும் டி.கே.மாதவனும் தடையை மீறி நடந்து கைதானார்கள். ஆளுக்கு ஆறு மாதம்.

தலைவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டதால் போராட்டத்தை நடத்த ஆள் வேண்டும் என்று ஈரோட்டுக்கு அழைப்பு போனது. பெரியார் ஏப்ரல் 13-ல் வந்து சேர்ந்தார். தமிழ்ப் பாடப்புத்தகம் இந்த இடத்தில்தான் திரையைத் தூக்கும். அதற்கு முந்தைய காட்சியில் சிறைக்குள் போனவர் பிற்பாடு சிங்கப்பூரில் வக்கீல் போர்டு மாட்டினார் என்பது அந்தப் பக்கத்தில் இடம்பெறாது. ஆகஸ்டில் திருவிதாங்கூர் மகாராஜா காலமானார். ஆட்சிக்கு வந்த ராணி சேது லட்சுமி பாய் சத்தியாகிரகிகளை விடுவித்தார். மேனனின் ஆறு மாதத்தில் ஒரு பகுதி ராஜாவோடு போயிற்று.

வெளியே வந்தவருக்குப் புகழ் இருந்தது, பை காலி. தியாகத்தைக் காட்டினால் மளிகைக் கடையில் அரிசி கொடுப்பார்கள் என்று எந்தக் கட்சியும் இன்றுவரை ஏற்பாடு செய்யவில்லை. 1927-ல் மேனன் மலாயாவுக்குக் கப்பலேறினார். நம் முன்னோர்கள் எதற்கு வந்தார்களோ அதற்கேதான்: நாலு காசு பார்க்க. என்ன, அவர்கள் கையில் பால்வெட்டுக் கத்தி, இவர் கையில் சட்டப் புத்தகம். 1929 டிசம்பரில் பெரியாரும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசிவிட்டுப் போனார்.

வக்காலத்தில் கையெழுத்து எங்கே?

அந்நாளைய மலாயா இந்தியர் அரசியலை ஒரு வரியில் சொல்லலாம். தொண்டர்கள் தோட்டத்துத் தமிழர்கள். தலைவர்கள் நகரத்து வக்கீல்கள். பினாங்கில் என்.ராகவன். சிங்கப்பூரில் வங்காளி வக்கீல் எஸ்.சி.கோஹோ, இந்தியர் சங்கத் தலைவர். பேராக்கில் ஜான் திவி. மலையாளம், வங்காளம், கிறிஸ்தவக் குடும்பம், நாயர் தறவாடு என்று வகைக்கொருவர் உண்டு. அனைவரும் நல்லவர்கள், உடை கசங்காதவர்கள். ஒரே ஒரு சிக்கல்: வழக்கு நடத்த வக்கீலுக்குக் கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தோட்டத்துக் கட்சிக்காரரிடம் எவரும் பேனாவை நீட்டியதில்லை.

கட்சிக்காரர் தாமே பேசியபோது என்ன கேட்டார் தெரியுமா? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். கூலி உயர்வோடு வந்த கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்பது. இத்தனை தெளிவான சுதந்திரப் பிரகடனத்தை மிடில் டெம்பிளில் படித்த ஒருவரும் எழுதவில்லை. அந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய ஆர்.எச்.நாதனும் வக்கீல் அல்ல, 'தமிழ் நேசன்' பத்திரிகைக்காரர். அரசாங்கம் அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. தோட்டங்களுக்கு ராணுவம் போனது, துப்பாக்கி பேசியது.

வக்கீல்களைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் கிண்டலைப் பாதியில் நிறுத்த வேண்டியிருக்கிறது. காரணம், அடுத்து வந்த விருந்தாளிகள்.

தோக்கியோ நேரம்

மார்சிலிங்கில் குடியிருப்பவருக்கு ஆட்சி மாற்றம் என்றால் கடற்பாலத்தில் நிற்பது யார் என்பதுதான். 1942 ஜனவரி 31-ல் பிரிட்டிஷ் படை ஜோகூரிலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டு, பாலத்தில் ஒரு பகுதியைத் தகர்த்தது. இன்று வெள்ளிக்கிழமை மாலையில் பாலம் சும்மா இருக்கும்போதே அந்தப் பக்கம் போக மூன்று மணி நேரம் ஆகிறது. ஜப்பானியர்கள் உடைந்த பாலத்தைத் தாண்டி வர ஒன்பது நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 8 இரவில் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். அடுத்த நாள் இரவு இங்கே பக்கத்தில் கிராஞ்சி. 15-ஆம் தேதி பிரிட்டன் சரண். ஊர் பெயர் சியோனான் ஆயிற்று. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரம் வைத்தார்கள். சூரியனே உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து உதிக்கும்போது வக்கீல் எம்மாத்திரம்?

பிப்ரவரி 17 அன்று தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை பிரிட்டிஷார் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள். அவர் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். இந்திய தேசிய ராணுவத்துக்கு விதை விழுந்தது. இந்தியர்களின் சார்பில் பேச யார் இருக்கிறார்கள் என்று ஃபுஜிவாரா தேடியபோது கண்ணில் பட்டவர்கள் கோஹோவும் கேசவ மேனனும்.

இந்திய சுதந்திரத்துக்கு உதவ ஜப்பானிய ராணுவம் தயார் என்கிறது. இடுப்பில் வாள். வேறு எவரும் பூரித்துப்போய்த் தலையாட்டியிருப்பார்கள், அல்லது பயந்துபோய்த் தலையாட்டியிருப்பார்கள். எப்படியும் தலை ஆடியிருக்கும். இந்த வக்கீல்களோ ஆட்சேபணை எழுப்பினார்கள். மார்ச்சில், ஜப்பானில் வாழ்ந்த இந்தியப் புரட்சிக்காரர் ராஷ் பிஹாரி போஸ் கூட்டிய தோக்கியோ மாநாட்டுக்குப் போனபோதும், நாங்கள் நல்லெண்ணத் தூதுக் குழு, முடிவெடுக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது, எல்லா நாட்டு இந்தியர்களையும் கூட்டி வேறொரு மாநாடு வையுங்கள் என்பதே மலாயாக்காரர்களின் பல்லவி. தோட்டத் தொழிலாளியிடம் வாங்க மறந்த வக்காலத்து தோக்கியோவில் ஞாபகம் வந்திருக்கிறது. பரவாயில்லை, வந்ததே. அந்தப் பயணத்தில் ஒரு விமானம் விழுந்து, பிரீதம் சிங், சுவாமி சத்யானந்த புரி முதலியோர் மாண்டுபோனார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எழுதாமல் போகவும் மனமில்லை.

எழுத்தில் கொடுங்கள்

ஜூனில் பாங்காக் மாநாடு. முப்பதுக்கும் மேற்பட்ட தீர்மானங்கள். சாரம் இவ்வளவுதான்: இந்திய தேசிய ராணுவம் இந்தியர்களுக்கே உரியது, இந்தியாவின் சுதந்திரத்தை ஜப்பான் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள வேண்டும், இந்திய மண்ணின்மேல் ஆசை இல்லை என்று சொல்ல வேண்டும். செயற்குழுவில் ராஷ் பிஹாரி போஸ் தலைவர். மேனன், ராகவன், மோகன் சிங், இன்னொரு ராணுவ அதிகாரி கிலானி உறுப்பினர்கள்.

பிறகு ஆரம்பித்தது ஜப்பானிய ராணுவத்தின் வாழ்க்கையிலேயே விசித்திரமான உபத்திரவம். சிங்கப்பூரைப் பிடித்தவர்களால், பர்மாவைப் பிடித்தவர்களால், இந்த வக்கீலின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. ஃபுஜிவாராவுக்குப் பதிலாக இவாகுரோ வந்தார். பேச்சு இப்படித்தான் போயிருக்கும் என்பது என் கற்பனை. கேள்வியின் சாரம் மட்டும் சரித்திரம்.

"எங்கள் பேரரசு உங்களுக்கு உதவும்."

"சந்தோஷம். எழுத்தில் கொடுங்கள்."

"எங்கள் வார்த்தையை நம்பவில்லையா?"

"நம்புகிறோம். அதைத்தான் எழுத்தில் கேட்கிறோம்."

"தோக்கியோ உங்கள் தீர்மானங்களைப் பரிவோடு பார்க்கிறது."

"பரிவோடு பார்ப்பது சரி. கையெழுத்துப் போடுகிறதா?"

பெண் பார்க்க வந்தவனிடம் சம்பளச் சீட்டைக் கேட்டாற்போல இவாகுரோ நெளிந்தார். மாதங்கள் போயின. சீட்டு வரவில்லை. சிப்பாய்களைப் பர்மாவுக்கு அனுப்பு என்ற உத்தரவு மட்டும் வந்தது. 1942 டிசம்பரில் செயற்குழு உடைந்தது. மேனன் ராஜினாமா, மோகன் சிங் ராஜினாமா, கிலானி ராஜினாமா. ராகவனும் விலகினார். மாத முடிவில் மோகன் சிங்கைக் கைது செய்து கொஞ்ச நாள் புலாவ் உபினில் வைத்திருந்தார்கள். நாம் இன்று சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு இளநீர் குடிக்கப் போகும் அதே தீவுதான்.

இந்தக் கட்டத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சியோனானில் ஜப்பானியக் காவலாளி முன் சரியாகக் குனியாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். தலை வெட்டப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்ட காலம். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒருவர் ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார். வக்கீல்களிடம் நமக்குப் பிடிக்காத எல்லாம் அதில் இருந்தன: நம்பிக்கையின்மை, வார்த்தைக்கு வார்த்தை நோண்டுவது, எல்லாவற்றையும் தாளில் கேட்பது. அந்த வேண்டாத குணங்களே அன்றைக்கு வீரமாக வேலை செய்தன.

1943 ஜூலையில் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். கேத்தே அரங்கம் அதிர்ந்தது, பாடாங் நிரம்பியது. தோட்டத்துப் பெண்கள் தாலியைக் கழற்றிக் கொடுத்தார்கள், துப்பாக்கியும் பிடித்தார்கள். தோட்டத் தமிழர்களிடம் எந்த வக்கீலும் வாங்காத வக்காலத்தை இந்த மனிதர் ஒரு பேச்சில் வாங்கினார். அவர் வக்கீல் அல்ல, ஐ.சி.எஸ். தேறி, அதையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். ராகவன் திரும்பி வந்து, போஸ் அமைத்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் அமைச்சரானார். திவி ஆலோசகரானார். மேனன் மட்டும் வரவில்லை. ஊரே எழுந்து நின்று கைதட்டும்போது இவர் எழுந்து வீட்டுக்குப் போகிறவர். 1944-ல் ஜப்பானியர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஜப்பான் சரணடையும்வரை சிறை. ஆகக் கணக்கில், ஒரு மகாராஜாவின் சிறை, ஒரு சக்கரவர்த்தியின் சிறை.

ஆறு நாற்காலி, ஆறு வக்கீல்

போர் முடிந்தது. மேனன் ஊர் திரும்பினார். மற்றவர்கள் புது நாற்காலிகளைத் தேடினார்கள். திவி 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியக் காங்கிரசைத் தொடங்கித் தலைவரானார். அடுத்த வருஷமே நேரு அவரை மலாயாவுக்கான இந்தியாவின் பிரதிநிதி ஆக்கினார். ராகவன் பிற்பாடு சீனாவுக்கு இந்தியத் தூதர்.

சிங்கப்பூரில் 1948 மார்ச் 20-ல் முதல் தேர்தல். சட்ட மன்றத்தில் 22 உறுப்பினர்கள். அதில் மக்கள் தேர்ந்தெடுப்பது ஆறே ஆறு பேரை. பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும், தாமே போய்ப் பெயர் பதிய வேண்டும். பதிந்தவர்கள் சுமார் 22,000. ஜனத்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தியர்கள் அந்தப் பட்டியலில் மட்டும் முன்வரிசை. ஓசியில் கிடைக்கும் உரிமையை நம்மவர் விடுவாரா?

வென்ற ஆறு பேர்: சி.சி.டான், ஜான் லேகாக், என்.ஏ.மல்லால், எம்.ஜே.நமாஸி, சார்டோன் ஜுபிர், நம் எஸ்.சி.கோஹோ. ஆறு பேரும் வக்கீல்கள். ஜனநாயகம் சிங்கப்பூருக்கு வந்தபோது நேராக பார் அசோசியேஷனுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. சரி, தேர்தலைப் புறக்கணித்தார்களே மலாயா ஜனநாயக ஒன்றியம், அங்கே தலைமையில் யார்? பிலிப் ஹோவாலிம், ஜான் ஈபர். அவர்களும் வக்கீல்கள். நின்றாலும் வக்கீல், நிற்காவிட்டாலும் வக்கீல். 1942-ல் தோக்கியோ போய்வந்த கோஹோ 1948-ல் ஜார்ஜ் மன்னரின் சபையில் உட்கார்ந்தார். கேலிக்குச் சொல்லவில்லை, கட்சிக்காரர் மாறினாலும் வழக்கை விடாமல் நடத்துவது தொழில் தர்மம்.

அதன் பிறகு சிங்கப்பூர் சரித்திரமே இந்த இரண்டு வகை வக்கீல்களின் சரித்திரம்தான். 1955-ல் டேவிட் மார்ஷல், அவரும் வக்கீல், கெய்ர்ன்ஹில்லில் சி.சி.டானைத் தோற்கடித்து முதல் முதலமைச்சர் ஆனார். லண்டனில் சுயாட்சி கிடைக்காவிட்டால் விலகுவேன் என்றார், கிடைக்கவில்லை, 1956 ஜூனில் விலகியே விட்டார். அசல் கேசவ மேனன் பள்ளி. இன்னொரு பள்ளியும் இருந்தது. 1951 தேர்தலில் லேகாக்குக்குத் தேர்தல் முகவராக ஓடிய இளம் வக்கீல் ஒருவர், 1959-ல் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர், 1990 வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தபோதும் பக்கத்து நாற்காலிக்குத்தான் போனார், 2011 வரை. லீ குவான் இயூவின் பெயரைக் கோப்பிக் கடையில் சொன்னால் புளோக் நம்பர் கேட்க மாட்டார்கள். மார்சிலிங்கில் ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் புளோக்குகள் எழுந்ததே அந்த எழுந்திருக்காத மனிதரின் காலத்தில்தான். உட்கார்ந்தவர்கள் ஊரைக் கட்டுவார்கள் என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். லிஃப்ட் வேலை செய்கிறது.

மேனனுக்கு 1951-ல் நேரு ஒரு நாற்காலி போட்டார்: இலங்கைக்கு இந்திய ஹைகமிஷனர். மாளிகை, கார், கொடி. மறு வருஷம் மனிதர் அதையும் விட்டுவிட்டு வந்துவிட்டார். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கோழிக்கோட்டு மேடை, இலாபமுள்ள தொழில், பாங்காக் மாநாடு கொடுத்த பதவி, சொந்த நாடு கொடுத்த தூதர் பதவி என்று பட்டியல் நிறைவு பெற்றது. மலபார், கொச்சி, திருவிதாங்கூரை ஒன்றாக்கும் ஐக்கிய கேரள இயக்கத்தில் முன்னால் நின்றார். 1956-ல் மாநிலம் பிறந்தது. அதில் மந்திரி ஆகவில்லை.

இத்தனை நாற்காலியை விட்டவர் ஒன்றுக்கு மட்டும் திரும்பி வந்தார். 1948-ல் மாத்ருபூமியின் ஆசிரியர் பொறுப்பை மறுபடியும் ஏற்று, இலங்கைத் தூதர் காலம் போக, 1978-ல் 92 வயதில் இறக்கும்வரை அந்தப் பத்திரிகையோடு இருந்தார். காரணம் சுலபம். மற்ற நாற்காலிகளில் உட்கார்ந்தால் வேறு யாரோ எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டும். இதில் எழுதுவதும் அவர், கையெழுத்தும் அவருடையது. "எழுத்தில் கொடுங்கள்" என்று உலகத்தையே நச்சரித்தவருக்கு, யாரும் தரவில்லை என்றானபின், தாமே எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?